அமைச்சரைக் கேள்வி கேட்பது யார்?



சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நாட்டின் அரசாங்க அமைப்பு பற்றிய பாடம். பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, சட்டமியற்றும் துறை, ஆட்சித்துறை, நீதித்துறை என எழுதி, அம்புக்குறிகளும் போட்டாயிற்று. மாணவி ஒருத்தி கை உயர்த்தினாள். "ஐயா, நாங்க தப்பு செஞ்சா நீங்க கேக்குறீங்க. நீங்க தப்பு செஞ்சா பெரிய ஐயா கேப்பாரு. அமைச்சர் தப்பு செஞ்சா யாரு கேப்பா?"

"நாடாளுமன்றம் கேட்கும் அம்மா" என்றேன். பாடநூல் தரும் விடை அதுதான். தேர்வுக்கு அது போதும். அவளோ விடவில்லை. "கேட்டிருக்கா ஐயா?"

நல்லவேளை, மணி அடித்துவிட்டது! ஆனால் அந்தக் கேள்வி வீடுவரை என்னோடு வந்தது. ஆசிரியப் பெருமக்களும் பெற்றோர்களும் படிப்பதற்காக, அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இதில் நேரடித் தொடர்புடைய செய்திகள் சில உண்டு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது எனப் பார்ப்போம். 1957 ஆகஸ்ட் 31-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நமது கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவை உருவாக்கியது ரீட் ஆணையம். அதன் தலைவர் பிரிட்டனின் ரீட் பிரபு. பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளைச் சேர்ந்த சட்ட அறிஞர்கள் அதில் இடம்பெற்றிருந்தனர். அச்சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அமைச்சரவை நாடாளுமன்றத்திற்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. மக்களவை உறுப்பினர்களுள் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பிரதமர் இழந்துவிட்டால், அவர் பதவி விலக வேண்டும், அல்லது நாடாளுமன்றத்தைக் கலைக்குமாறு மாமன்னரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது பலரும் அறிந்தது. பலரும் புரட்டிப் பார்க்காத பகுதி ஒன்று உண்டு. அது 96 முதல் தொடங்கும் நிதி பற்றிய பிரிவுகள். சட்டத்தின் அனுமதியின்றி எந்த வரியும் விதிக்கக்கூடாது. வசூலாகும் பணம் ஒருங்கிணைந்த நிதியில் சேர வேண்டும். அதிலிருந்து பணம் எடுக்கச் சட்டத்தின் இசைவு வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவு அறிக்கை மக்களவையின் முன் வைக்கப்பட வேண்டும். இவ்வளவும் செலவு செய்வதற்கு முன்பு. செய்த பிறகு? அதற்காகத்தான் 105-ஆம் பிரிவில் தலைமைக் கணக்காய்வாளர் என்னும் பதவி. பிரதமரின் ஆலோசனைப்படி, ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்தபின், மாமன்னர் அவரை நியமிக்கிறார். நியமித்தபின் அவரை எளிதில் அகற்ற முடியாது. உயர்நிலை நீதிபதி ஒருவரை நீக்குவதற்கு என்ன காரணமும் முறையும் வேண்டுமோ, அதுவே இவருக்கும். இவரின் சம்பளமும் ஒருங்கிணைந்த நிதியிலிருந்தே நேரடியாகச் செல்கிறது. ஓர் அமைச்சரின் கணக்கில் குறை கண்டெழுதியதற்காக அந்த ஆண்டு இவரின் சம்பளத்தை யாரும் வெட்டிவிட முடியாது!

107-ஆம் பிரிவின்படி அவருடைய அறிக்கை மாமன்னரிடம் சமர்ப்பிக்கப்பட்டு, அவர்வழியாக மக்களவையின் முன் வைக்கப்படுகிறது. அந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு அரசாங்க அதிகாரிகளை அழைத்து வினவுவது மக்களவையின் பொதுக் கணக்குக் குழுவின் வேலை. இம்முறை பிரிட்டனிலிருந்து வந்தது. கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது 1861-ஆம் ஆண்டு அங்கு இக்குழு தோன்றியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1866-இல், அரசாங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்து நாடாளுமன்றத்திற்கு அறிவிக்கும் அதிகாரி ஒருவருக்குச் சட்டம் வகை செய்தது. தணிக்கையாளர் கண்டறிவார், குழு வினவும், அவை முடிவெடுக்கும். இந்த மூன்று படிகளில் ஒன்று உடைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை என்பதைப் பின்னர் நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றிலேயே காணலாம்.

விடுதலைக்கு முன் இந்த மண்ணில் இத்தகைய வழக்கமே இல்லை என்று சொல்லிவிடலாம். 1948-இல் அமைந்த கூட்டரசுச் சட்டமன்றத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அதிகாரிகளும் நியமன உறுப்பினர்களும் மட்டுமே. 1955 ஜூலையில்தான் முதல் பொதுத்தேர்தல். 98 இடங்களில் 52 இடங்களுக்குத் தேர்தல் நடந்து, 51 இடங்களைக் கூட்டணி வென்றது. எதிரணிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று! 1959-இல் முழுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மக்களவை அமைந்தபோது நிலைமை மாறியிருந்தது. 104 இடங்களில் கூட்டணிக்கு 74. மீதம் 30 இடங்கள் பாஸ் கட்சி, சோசலிச முன்னணி, மக்கள் முற்போக்குக் கட்சி, மேலும் சிலர் எனப் பிரிந்து கிடந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் கூடிய அவைக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கிலுள்ள துங்கு அப்துல் ரகுமான் மண்டபத்தில்தான் கூடியது. இன்று நாம் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நாடாளுமன்றக் கட்டடம் 1963 நவம்பரில்தான் திறக்கப்பட்டது.

எண்ணிக்கையில் குறைவு என்றாலும் அந்த எதிரணி வாய் திறக்கத் தயங்கவில்லை. அவர்களுள் நாம் அறிந்திருக்க வேண்டியவர் ஈப்போ நாடாளுமன்ற உறுப்பினர் டி.ஆர்.சீனிவாசகம்.

தர்மராஜா சீனிவாசகம் 1921-இல் பிறந்தவர். இலங்கைத் தமிழ் வழியினர். வழக்கறிஞர். அவரும் அவருடைய அண்ணன் எஸ்.பி.சீனிவாசகமும் மக்கள் முற்போக்குக் கட்சியை ஈப்போவிலும் கிந்தா வட்டாரத்திலும் அசைக்க முடியாத கட்சியாக வளர்த்தனர். சீனக் குடியிருப்புகளில் அவர்களுக்கு இருந்த செல்வாக்கைப் பற்றி ஈப்போ முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். ஈப்போ-மெங்கிளம்புத் தொகுதியின் உறுப்பினர் மலாக்கா ஆளுநராகப் பொறுப்பேற்றதால் 1957 இறுதியில் அங்கே இடைத்தேர்தல் வந்தது. அதில் வென்று டி.ஆர். சட்டமன்றம் சென்றார். 1959-இலும் 1964-இலும் ஈப்போ மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினர். 1964 தேர்தலில் கூட்டணி 104-இல் 89 இடங்களைப் பிடித்தது. முற்போக்குக் கட்சிக்குக் கிடைத்தவை ஈப்போவும் மெங்கிளம்பும் ஆகிய இரண்டே. அண்ணனும் தம்பியும் மட்டும்.

இனி நாம் எல்லாரும் அறிந்த மற்றொரு பெயருக்கு வருவோம். ரகுமான் தாலிப். ஆசிரியர் பயிற்சியில் இப்பெயரைக் கடக்காதவர் யார்? ரசாக் அறிக்கை 1956, ரகுமான் தாலிப் அறிக்கை 1960 என மனப்பாடம் செய்தோமே, அவரேதான். கல்வியமைச்சர் அப்துல் ரகுமான் பின் தாலிப் தலைமையிலான குழுவின் அறிக்கையே 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்கு அடித்தளம். தொடக்கக் கல்வி இலவசமானது அதன் நற்பயன். பொதுத்தேர்வுகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் என்றானதும், சீன இடைநிலைப்பள்ளிகள் மொழிமாற்றத்தை ஏற்றால்தான் உதவித்தொகை என்றானதும் அதன் மறுபக்கம். அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு நம்மை நேரடியாகத் தொட்டது. தேசிய வகைத் தொடக்கப்பள்ளி ஒன்றைத் தேசியப் பள்ளியாக மாற்றுவது பொருத்தம் என அமைச்சர் கருதினால், அவரே ஆணையிட்டு மாற்றலாம் என்பது அதன் சாரம். தமிழ்ப்பள்ளி இருக்கலாமா வேண்டாமா என்பதை ஒரு மனிதரின் கருத்து முடிவு செய்துவிடலாம் என்று பொருள்!

மக்கள் முற்போக்குக் கட்சி பன்மொழிக் கொள்கையை முன்வைத்த கட்சி. ஆகவே கல்வி, மொழி ஆகியவற்றில் சீனிவாசகத்திற்கும் அரசாங்கத்திற்கும் ஒத்துப்போகவில்லை என்பதில் வியப்பில்லை. ஆனால் வரலாற்றில் நின்றுவிட்ட மோதல் கல்விக் கொள்கை பற்றியதன்று, நேர்மை பற்றியது. அமைச்சர் அப்துல் ரகுமான் தாலிப் ஊழல் புரிந்தார் எனச் சீனிவாசகம் நாடாளுமன்றத்திலேயே எழுந்து குற்றஞ்சாட்டினார்.

இங்கே சற்று நின்று, அரசியலமைப்பின் 63-ஆம் பிரிவை நினைவில் கொள்ள வேண்டும். அவையில் பேசியதற்காக ஓர் உறுப்பினர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாது. இதற்கு நாடாளுமன்றச் சிறப்புரிமை என்று பெயர். இந்தக் காப்பு இருப்பதால்தான் வசதியோ பதவியோ இல்லாத ஓர் உறுப்பினரும் நாட்டின் பெரியவர்களை நேருக்கு நேர் வினவ முடிகிறது. அதே காப்பு இருப்பதால்தான் பொய்யும் பேசிவிடலாம் என்ற ஐயமும் எழுகிறது. அமைச்சரும் அந்த ஐயத்தைத்தான் பிடித்துக்கொண்டார். துணிவிருந்தால் நாடாளுமன்றத்திற்கு வெளியே வந்து இதே குற்றச்சாட்டைச் சொல் என்று அறைகூவல் விடுத்தார்.

இன்றும் நம் அரசியல்வாதிகள் நாள்தோறும் விடுக்கும் அறைகூவல்தான் இது. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சீனிவாசகம் வெளியே வந்தார். சீனர் அசெம்பிளி மண்டபத்தில் அக்குற்றச்சாட்டைத் திரும்பச் சொன்னார்.

அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். இப்பொழுது சிறப்புரிமை என்னும் குடை சீனிவாசகத்திற்கு இல்லை. தோற்றிருந்தால் இழப்பீடும் வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்திருக்கும். அரசியல் வாழ்வும் அன்றே முடிந்திருக்கும். 1965-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றவர் அமைச்சர். மேல்முறையீடும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவ்வாண்டே அவர் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். முன்பும் அப்பொறுப்பில் இருந்த முகமட் கிர் ஜொஹாரி மீண்டும் கல்வியமைச்சரானார்.

"கேட்டிருக்கா ஐயா?" என்ற கேள்விக்கு என் முதல் விடை இதுதான். ஆம், கேட்டிருக்கிறது. கேட்டவரும் ஒரு தமிழர்தான்.

ஆனால் இதைச் சொல்லும்போது நாம் ஒரு தவற்றைச் செய்துவிடக்கூடாது. தமிழ்ப்பள்ளிக்குத் தீங்கான அறிக்கையை எழுதியவரைத் தமிழர் ஒருவர் வீழ்த்தினார் என்று கதை கட்டி மகிழும் ஆசை எனக்கும் வந்தது. உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். நடந்தது அதுவன்று. வழக்கு வேறு, அறிக்கை வேறு. அமைச்சர் போனார். அவர் காலத்துச் சட்டம் போகவில்லை. 21(2) என்ற உட்பிரிவு 1965-இலும் இருந்தது, 1975-இலும் இருந்தது, 1985-இலும் இருந்தது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரும்வரை, ஏறக்குறைய 35 ஆண்டுகள், நமது பள்ளிகளின் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மனிதரின் தவற்றைப் பிடிப்பதில் நாடாளுமன்றம் காட்டிய வேகம், ஒரு பிரிவின் தவற்றைத் திருத்துவதில் இல்லை. முன்னதற்கு ஒரு துணிச்சலான உறுப்பினர் போதும். பின்னதற்குப் பெரும்பான்மை வேண்டும். இவ்வேறுபாட்டை நம் பாடநூல்கள் ஏன் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

டி.ஆர்.சீனிவாசகம் 1969 மார்ச் மாதம் 47-ஆம் அகவையில் காலமானார். ஈப்போவில் அவர் பெயரில் அமைந்த பூங்காவில் இன்றும் பிள்ளைகள் விளையாடுகின்றனர். அவர் மறைந்து இரண்டு மாதங்களில் மே 13 கலவரம். அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. 1971 பிப்ரவரி வரை நாடாளுமன்றம் கூடவில்லை.

மீண்டும் கூடிய அவை பழைய அவையன்று. 1971-இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தால் 63-ஆம் பிரிவின் காப்பில் ஒரு விலக்கு புகுந்தது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்புநிலை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்கும் பேச்சு அவைக்குள் பேசப்பட்டாலும் நிந்தனைக் குற்றமாகலாம்.

இந்த விலக்கில் முதலில் சிக்கியவர் யார் என்று கேட்டால் வியப்படைவீர்கள். தமிழ், சீனப் பள்ளிகளுக்காக வாதாடிய எவரும் அல்லர்! சபாவைச் சேர்ந்த மார்க் கோடிங் என்னும் உறுப்பினர். 1978 அக்டோபரில் மக்களவையில் அவர், சீன, தமிழ்ப்பள்ளிகளை மூடிவிட வேண்டும் என்று பேசினார். சாலை அறிவிப்புகளில் இம்மொழிகள் கூடாது என்றும் பேசினார். நிந்தனைச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டு, 1982-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. சிறைத்தண்டனை இல்லை, நன்னடத்தைப் பிணை மட்டும்.

தமிழ்ப்பள்ளியை மூடச் சொன்னவர் தண்டிக்கப்பட்டார் என்று மேடைகளில் சிலர் இதைப் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். தீர்ப்பின் நுட்பம் வேறு. பள்ளிகளை மூடு என்று சொன்னதை நீதிமன்றம் நிந்தனையாகக் கொள்ளவில்லை. அதற்கு அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவு தடையாக இருந்தால் அப்பிரிவையே திருத்த வேண்டும் என்று அவர் மேலே போனார் அல்லவா, அதுவே குற்றமாயிற்று. பிற மொழிகளைக் கற்பிக்கவும் கற்கவும் தடையில்லை என்பது அப்பிரிவின் வாசகம். அது மொழியைப் பாடமாகக் கற்பதை மட்டும் காக்கிறதா, அம்மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளியையும் காக்கிறதா என்பது அன்று தொட்டு நீண்ட வழக்கு. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்த பிறகுதான் நம்மில் பலருக்கு மூச்சு வந்தது. மேடையில் பேசுவோர் தீர்ப்புகளைப் படித்துவிட்டுப் பேசினால் நலம்.

பண விவகாரத்திற்குத் திரும்புவோம். 1980-களின் தொடக்கத்தில் பேங்க் பூமிபுத்ராவின் துணை நிறுவனமான பூமிபுத்ரா மலேசியா ஃபைனான்ஸ், ஹாங்காங்கில் கேரியன் குழுமத்திற்குப் பெருந்தொகைகளைக் கடனாகக் கொடுத்து மூழ்கியது. இழப்பு ஏறத்தாழ 250 கோடி ரிங்கிட் என்பர். கணக்குகளைச் சரிபார்க்க அங்கு அனுப்பப்பட்ட வங்கி அதிகாரி ஜலீல் இப்ராஹிம் 1983 ஜூலையில் கொலையுண்டார். கணக்கைப் பார்ப்பது உயிரைப் பறிக்கக்கூடிய வேலை என்று நாடு அன்று அறிந்தது. அரச விசாரணை ஆணையம் வேண்டும் என எதிரணியினர் குரல் எழுப்பினர். அமைந்ததோ, தலைமைக் கணக்காய்வாளர் அகமட் நூர்டின் தலைமையில் மூவர் அடங்கிய குழு. சாட்சிகளை வரவழைத்துக் கட்டாயப்படுத்தும் சட்ட அதிகாரம் அக்குழுவுக்கு இல்லை. இருப்பினும் அம்மூவரும் தளரவில்லை. அவர்களின் அறிக்கை 1986-இல் மக்கள் பார்வைக்கு வந்தது. அகமட் நூர்டினைப் போன்ற அரசு ஊழியர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மூன்று படிகளில் ஒன்று உடைவது பற்றி முன்பே சொன்னேன் அல்லவா? அதற்கான சான்று 1எம்டிபி. 2009-இல் அப்பெயர் பெற்ற அந்த அரசு நிறுவனத்தைப் பற்றி 2015-இல் பொதுக் கணக்குக் குழு விசாரணையைத் தொடங்கியது. தலைமைக் கணக்காய்வாளரும் தணிக்கையில் இறங்கினார். 2015 ஜூலை 28-ஆம் நாள் அமைச்சரவை மாற்றம் நிகழ்ந்தது. துணைப் பிரதமர் நீக்கப்பட்டார். அதே நாளில் சட்டத்துறைத் தலைவரும் மாற்றப்பட்டார். பொதுக் கணக்குக் குழுவின் தலைவரும் மேலும் மூன்று உறுப்பினர்களும் துணையமைச்சர் பதவிகளுக்கு உயர்த்தப்பட்டனர். பதவி உயர்வை யார் குறை சொல்வது? ஆனால் அரசாங்கத்தில் பொறுப்பு வகிப்பவர் அக்குழுவில் இருக்கக்கூடாது. ஆகவே விசாரணை தானாகவே நின்றது. அக்டோபரில் புதிய தலைவர் வந்தபின்தான் தொடர்ந்தது.

குழுவின் அறிக்கை 2016 ஏப்ரல் 7-ஆம் நாள் மக்களவையில் வைக்கப்பட்டது. நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரியை விசாரிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆனால் அந்த அறிக்கைக்கே ஆதாரமான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை மட்டும் வெளிவரவில்லை. அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் அது பூட்டப்பட்டது. மக்கள் பணம் எங்கே போனது என மக்களின் பிரதிநிதிகளுக்காக எழுதப்பட்ட ஆவணம், மக்களுக்கு இரகசியம்! 2018 மே மாதம் ஆட்சி மாறிய சில நாள்களிலேயே அந்தப் பூட்டுத் திறக்கப்பட்டது. தணிக்கை அறிக்கையில் மாற்றம் செய்யப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில் முன்னாள் பிரதமரும் நிறுவனத்தின் முன்னாள் தலைவரும் 2023 மார்ச்சில் விடுதலை செய்யப்பட்டனர் என்பதையும் சொல்லிவிடுவது முறை. அது வேறு வழக்கு. நிதி முறைகேட்டு வழக்குகள் வேறு.

2015-இல் உயர்வு பெற்ற அந்த உறுப்பினர்களில் ஒருவரான மாஸ் எர்மியாத்தி, 2023-இல் எதிரணி உறுப்பினராகத் திரும்பி வந்து அதே பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானார். அரசியலில் இப்படியும் நடக்கும்.

2018-க்குப் பின் எதிரணி உறுப்பினரைக் குழுத் தலைவராக்கும் வழக்கம் ஏற்பட்டது நல்ல மாற்றம். அதன் பயனை 2022 ஆகஸ்டில் கண்டோம். கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல்கள் கட்ட 900 கோடி ரிங்கிட்டுக்கும் அதிகமான ஒப்பந்தம். 600 கோடிக்கும் மேல் கொடுத்தாயிற்று. கப்பல்? ஒன்றுகூட வரவில்லை. அட்டவணைப்படி அதற்குள் ஐந்து கப்பல்கள் வந்திருக்க வேண்டும். இதைக் குழு அறிக்கையாக எழுதி அவையில் வைத்தபின்தான் காப்பிக் கடைகளிலும் பேச்சானது. என் மாணவர்களுக்கு இதைக் கணக்குப் பாடத்தில் சொன்னேன். 'கப்பல் இல்லாத கப்பல் கணக்கு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நாடாளுமன்றம் தன் கையை ஊன்றி நிற்க வேண்டுமானால் அதற்கெனச் சொந்தமாக அலுவலரும் பணமும் வேண்டும். 1963-இல் அதற்கு நாடாளுமன்றச் சேவைச் சட்டம் இருந்தது. 1992-இல் அது நீக்கப்பட்டது. அதன்பின் 30 ஆண்டுகளுக்கும் மேலாக, யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களின் துறையிலிருந்தே ஊழியரையும் செலவுத் தொகையையும் பெற்றுக்கொண்டு நாடாளுமன்றம் இயங்கியது. 2025-இல்தான் அச்சட்டத்திற்கு மீண்டும் உயிர் கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2024-இல், அரசாங்கத்தின் உத்தரவாதம் பெற்ற நிறுவனங்களையும் தலைமைக் கணக்காய்வாளர் தணிக்கை செய்யத் தணிக்கைச் சட்டமும் திருத்தப்பட்டது. இவை செய்தித்தாளின் உள்பக்கங்களில் சிறு பெட்டிகளாக வந்து போயின.

இதையெல்லாம் எழுதும்போது என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம். அப்பொழுது நான் செயலாளர். பொருளாளர் அறிக்கை கூட்டத்தின்போதுதான் கையில் தரப்பட்டது. உடனே, "படித்ததாக ஏற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்டார்கள். எல்லாரும் தலையாட்டினர். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார். தொழிற்சாலையில் வேலை செய்பவர். சீருடையோடு நேராக வந்திருந்தார். விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை வாங்கியதாக 640 ரிங்கிட் போட்டிருக்கிறதே, என் பிள்ளையிடம் சட்டைக்குத் தனியாகப் பணம் வாங்கினீர்களே, அந்தப் பணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டார். குரல் நடுங்கியது. "நம்ம ஆளுங்களே இப்படிச் சந்தேகப்பட்டா பள்ளிக்கூடம் எப்படிம்மா நடக்கும்?" என்றார் ஒருவர். சிலர் சிரித்தனர். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் நானே கோப்பைப் பார்த்தேன். பணம் எவரும் எடுக்கவில்லை. மாணவரிடம் வாங்கிய தொகை 'இதர வரவு' என்ற தலைப்பில் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடிய விடை. கூட்டக் குறிப்பை எழுதியவன் நான். அந்தத் தாயின் கேள்வியை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. 'பொருளாளர் அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்றுதான் எழுதினேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கு அவர் வரவில்லை.

நாடாளுமன்றத்தில் அவ்வாறு விட்டுவிட முடியாது. பேசியவை எல்லாம் 'ஹன்சார்ட்' எனப்படும் அதிகாரபூர்வ அறிக்கையில் ஏறிவிடும். 1959-ஆம் ஆண்டு தொடங்கி அந்த அறிக்கைகளை நாடாளுமன்றத்தின் இணையத்தளத்திலேயே படிக்கலாம். பழைய தட்டச்சு எழுத்து. சில பக்கங்கள் மங்கிக் கிடக்கும். அன்று மாலை அந்த மாணவிக்காக அவற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். சீனிவாசகத்தின் பேச்சுக்கு நடுவே 'குறுக்கீடு' என்று வரும் இடங்கள் நிறைய. அடுத்த வரியில் அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

சில பக்கங்களை அச்செடுத்து வகுப்பில் ஒட்டியிருக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் கடினம்தான். இருந்தாலும், தமிழ்ப்பெயர் ஒன்று பக்கத்துக்குப் பக்கம் வருவதை அவர்களே கண்டுபிடித்து வட்டமிட்டுவிட்டார்கள். கேள்வி கேட்ட அம்மாணவி, அமைச்சரின் பதில்களுக்கும் வேறொரு நிறத்தில் வட்டமிடத் தொடங்கியிருக்கிறாள். எத்தனை கேள்விக்கு நேரான பதில் வந்தது என்று எண்ணப் போகிறாளாம்.

ஈப்போவிலும் மெங்கிளம்பிலும் அக்காலப் பொதுக்கூட்டங்களில் சீனிவாசகம் சகோதரர்களின் பேச்சை நேரில் கேட்ட தாத்தா பாட்டிகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கங்களுக்கு அருகிலேயே ஒட்டி வைக்க இடம் விட்டிருக்கிறேன்.